எம்.எச்.370: புதிது புதிதாக வரும் ஊகங்களை எதை வைத்துச் சோதிப்பது?

கிள்ளான் மணிமாறன்

2014இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370 பற்றி மாதம் ஒரு புதுச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள் என்கிறார் ஒருவர். மாலத்தீவுக்காரர்கள் தாழப் பறந்ததைக் கண்ணால் பார்த்தார்கள் என்கிறார் இன்னொருவர். கம்போடியக் காட்டில் கூகுள் படத்தில் கிடக்கிறது, சரக்கறையில் லித்தியம் பேட்டரி எரிந்தது, பயணிகளின் கைப்பேசி பல நாள் கழித்தும் மணி அடித்தது, அமெச்சூர் ரேடியோ பதிவை வைத்து விழுந்த இடத்தையே குறித்துவிட்டார்கள்... எதை எடுத்தாலும் கேட்கிற நேரத்தில் சரி மாதிரிதான் இருக்கிறது. 2018 ஜூலையில் வந்த மலேசிய விசாரணை அறிக்கையும் காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றே முடிகிறது. அதனால் எவரும் எதையும் சொல்லலாம் என்றாகிவிட்டது.

விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்விகள். எந்த ஊகமாக இருந்தாலும் மீற முடியாத தரவு என்று எதைச் சொல்லலாம்? செயற்கைக்கோளுக்குக் கிடைத்தது வெறும் 'பிங்' என்றால் தெற்கே போனது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அது அவ்வளவு உறுதி என்றால், இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலடியைத் தேடியும் ஏன் கிடைக்கவில்லை?

239 பேரின் குடும்பங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றன. சுவாரசியத்துக்காகக் கேட்கவில்லை, தெளிவாகப் புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

எல்பேண்ட்

மணிமாறன், முதலில் சண்டைக்கு இடமில்லாத பகுதியை எடுத்து வைத்துவிடுவோம். எல்லாமே மலேசிய நேரம்.

2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12:42க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டது. போயிங் 777-200இஆர். 1:07க்கு ஏக்கார்ஸ் வழியாக, அதாவது விமானம் தானாகத் தரைக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டின் வழியாக, கடைசி நிலவர அறிக்கை வந்தது. அப்போது கையிருப்பு எரிபொருள் 43,800 கிலோ. 1:19க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல். 1:21க்கு இகாரி என்ற வழிப்புள்ளியைத் தாண்டியதும், விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் நின்றது. கோலாலம்பூர் கட்டுப்பாட்டிலிருந்து ஹோ சி மின் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் இடம் அது. அங்கிருந்து திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குக்குத் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணையில் வடமேற்காகப் போனதை ராணுவ ரேடார் பதிவு காட்டுகிறது. 1:52க்குத் துணை விமானியின் கைப்பேசியைப் பினாங்குக் கோபுரம் ஒன்று ஒரே ஒருமுறை கண்டுகொண்டது. அழைப்பு ஏதும் போகவில்லை. 2:22க்கு ரேடார் பார்வையிலிருந்தும் விலகியது.

இனி உங்கள் 'பிங்'. இன்மர்சாட் நிறுவனத்தின் 3-எஃப்1 செயற்கைக்கோள், கிழக்கே 64.5 டிகிரியில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்தது. ஒரு மணி நேரம் விமானத்திடமிருந்து எந்தத் தகவலும் வராவிட்டால், பெர்த் தரைநிலையம் "இணைப்பில் இருக்கிறாயா?" என்று கேட்கும். விமானத்தின் கருவி தானாகப் பதில் சொல்லும். 3:41, 4:41, 5:41, 6:41, 8:11 ஆகிய நேரங்களில் பதில் வந்தது. இடையே 7:41 இல்லாததற்குக் காரணம், 7:13க்குத் தரையிலிருந்து விமானத்துக்குப் போட்ட தொலைபேசி அழைப்பு அந்த ஒரு மணிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வைத்ததுதான். அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இவை தவிர 2:25க்கும் 8:19க்கும் விமானமே முன்வந்து இணைப்பு கேட்டது. ஆக ஏழு.

ஒவ்வொரு பதிலோடும் இரண்டு அளவுகள் பதிவாகின. முதலாவது நேரத் தாமதம், பிடிஓ என்பார்கள். சிக்னல் போய்த் திரும்பும் நேரம் அது. ஒரு மைக்ரோவினாடி கூடினால் விமானம் கோளிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று பொருள். கருவிக்குள்ளே ஆகும் தாமதத்தை எப்படிக் கழிப்பது? விமானம் கோலாலம்பூர் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது நடந்த பரிமாற்றங்களை வைத்துக் கழித்தார்கள். நின்ற இடம் தெரியும், கோள் இருந்த இடம் தெரியும், மிச்சம் கருவியின் தாமதம். இப்படிக் கிடைக்கும் தூரத்தில் பிழை சுமார் 10 கி.மீ.தான்.

எண்களைப் பாருங்கள். 2:25க்கு 12,520, 3:41க்கு 11,500, பிறகு 11,740, 12,780, 14,540, 8:11க்கு 18,040 மைக்ரோவினாடி. முதலில் கோளை நெருங்கி, பிறகு மணிக்கு மணி விலகிப்போன ஒரு பொருளின் தடம் இது. பூமியின் மேல் வரைந்தால் ஒவ்வோர் எண்ணும் ஒரு வட்டம். 8:19க்கு உரிய கடைசி வட்டத்தைத்தான் ஏழாவது வளைவு என்கிறோம்.

இதை வைத்தே சில ஊகங்களைச் சோதித்துவிடலாம். கோளுக்கு நேர்கீழே இருக்கும் புள்ளியிலிருந்து ஏழாவது வளைவு ஏறத்தாழ 4,800 கி.மீ. தள்ளி ஓடுகிறது. டியேகோ கார்சியா அந்தப் புள்ளியிலிருந்து வெறும் 1,200 கி.மீ. தாழப் பறந்ததைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மாலத்தீவின் குடா ஹுவதூ தீவு 1,000 கி.மீ.க்குள். கோலாலம்பூர்கூட 4,150 கி.மீ.தான். 8:19க்கு விமானம், தான் புறப்பட்ட இடத்தைவிடக் கோளிலிருந்து அதிகத் தொலைவில் இருந்தது. மாலத்தீவில் தாழப் பறந்ததாகச் சொல்லப்படும் நேரம் காலை ஆறேகால், மாலத்தீவு நேரப்படி. மலேசியாவில் அப்போது 9:15. எரிபொருள் தீர்ந்து ஏறக்குறைய ஒரு மணி ஆகிவிட்டது.

கம்போடியா மட்டும் கொஞ்சம் வேறு. அது அந்தப் புள்ளியிலிருந்து 4,600 கி.மீ. வாக்கில் இருப்பதால், தூரத்தை மட்டும் வைத்து ஒரே வீச்சில் தள்ள முடியாது. அங்கேதான் இரண்டாவது அளவு தேவைப்படுகிறது: அலைவரிசை விலகல், பிஎஃப்ஓ. ரயில் ஹார்ன் நெருங்கும்போது ஒரு சுருதி, விலகும்போது ஒரு சுருதி என்பது போன்ற டாப்ளர் விளைவு. விமானக் கருவி இதைத் தானே சரிசெய்து அனுப்பும். ஆனால் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஆடாமல் நிற்கிறது, விமானம் ஏறவோ இறங்கவோ இல்லை என்ற இரண்டு அனுமானங்களோடு சரிசெய்யும். 3-எஃப்1 பழைய கோள். நாள்தோறும் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் வடக்கும் தெற்குமாக ஊசலாடிக்கொண்டிருந்தது. அதனால் திருத்தத்தில் ஒரு சின்ன மிச்சம் விழுகிறது. வடக்கே போகும் விமானத்துக்கும் தெற்கே போகும் விமானத்துக்கும் அந்த மிச்சம் வேறாக இருக்கும். 3:41 முதல் 8:11 வரை பதிவான மதிப்புகள் 111, 141, 168, 204, 252 ஹெர்ட்ஸ். தெற்குப் பாதைக்கு இவை பொருந்துகின்றன, வடக்குப் பாதைக்குப் பொருந்தவில்லை. முறை சரியா என்று வேறு 777 விமானங்களின் தெரிந்த பாதைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே மார்ச் 24 அன்று மலேசியப் பிரதமர் தெற்கு இந்தியப் பெருங்கடல் என்று அறிவித்தார்.

டேட்டாவையே யாரோ திருத்திவிட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அந்த இரவுக்கு முன் இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு விமானத்தை யாரும் தேடியதில்லை. ஒருவர் திட்டமிட்டுப் போலியாக்க வேண்டுமானால், பழைய கோளின் ஊசலாட்டம் மிச்சமாக விழும் என்பதைப் பறந்துகொண்டே கணித்து, ஹெர்ட்ஸ் கணக்கில் சரியாகப் பொய்சொல்ல வேண்டும். நான் இதை ஏற்கமாட்டேன்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் வளைவைத் தருகின்றன, வளைவில் எந்தப் புள்ளி என்பதைத் தருவதில்லை. அதற்கு வேகம், உயரம், தானியங்கி (ஆட்டோபைலட்) எந்த முறையில் இருந்தது என்றெல்லாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நேர்மையான கருத்து வேறுபாடு தொடங்கும் இடம் இதுதான்.

அலைவாய்

எல்பேண்ட் சொன்னதை முழுதாக மறந்துவிட்டாலும், கரையொதுங்கிய பாகங்களே போதும்.

2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் சாந்த்-ஆந்த்ரே கரையில் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஃபிளாப்பரான் கிடைத்தது. துலூஸில் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த ஒரு பாகத்தின் எண்ணை அதைச் செய்துகொடுத்த ஸ்பெயின் நிறுவனத்தின் ஆவணத்தோடு ஒப்பிட்டு, இதே விமானத்துக்குரியது என்று பிரெஞ்சு அரசு வழக்குரைஞர் செப்டம்பர் 3 அன்று உறுதிசெய்தார். அடுத்தது தான்சானியாவின் பெம்பா தீவில் 2016 ஜூனில் கிடைத்த வலது வெளிப்புற ஃபிளாப்பின் (இறக்கையின் பின்விளிம்பிலிருந்து நீண்டு இறங்கும் மடல்) பெரிய துண்டு. மூன்றாவது, மொரீஷியஸில் கிடைத்த இடது ஃபிளாப்பின் துண்டு. இந்த மூன்றும் உறுதி. மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், ரொட்ரிகஸ் என்று கிடைத்த மற்றவற்றில் பல 'ஏறத்தாழ உறுதி' என்ற வகை. எல்லாமே பெருங்கடலின் மேற்குக் கரை. தென்சீனக் கடலிலோ கம்போடியக் காட்டிலோ விழுந்த விமானத்தின் ஃபிளாப்பு பெம்பாவுக்குப் போகாது.

ஃபிளாப்பரானை நேரில் பார்த்தால் கண்ணில் படுவது அதன்மேல் அப்பியிருந்த வாத்துக் கழுத்துக் கொட்டலசுகள்தான். தண்டோடு தொங்கும் சிப்பி போன்ற உயிர் அது. இந்த வகை பெரும்பாலும் மிதக்கும் பொருளில்தான் ஒட்டி வளரும். பலகையின் இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருந்தன. பலகை ஒரே பக்கமாக மிதக்காமல், பக்கம் மாறி மாறிக் கிடந்திருக்கிறது, அல்லது பாதி அமிழ்ந்து கிடந்திருக்கிறது. மிதக்கும் விதம் மாறினால் காற்று தள்ளும் வேகமும் மாறும். ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ இதற்காக உண்மையான 777 ஃபிளாப்பரான் ஒன்றை வாங்கி, கிடைத்த துண்டின் வடிவத்துக்கு வெட்டி, டாஸ்மேனியக் கடலில் மிதக்கவிட்டுப் பார்த்தது. நீரோட்டத்தைவிட வேகமாகவும், காற்றின் திசைக்கு இடப்பக்கம் விலகியும் அது நகர்ந்தது. முன்பு செய்த மாதிரிகள் இப்படி விலகவில்லை. திருத்திய எண்ணைக் கணினி மாதிரியில் போட்டதும், 16 மாதத்தில் ரீயூனியன் சேர்வதற்கு ஏழாவது வளைவில் 35 டிகிரி தெற்கை ஒட்டிய பகுதி நன்றாகப் பொருந்தியது.

கிடைக்காததும் ஒரு சான்றுதான். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உறுதியான துண்டு எதுவும் ஒதுங்கவில்லை. ரொம்பத் தெற்கே விழுந்திருந்தால் அங்கே சில ஒதுங்கியிருக்க வேண்டும். அதோடு 2014 மார்ச், ஏப்ரலில் விமானங்கள் பார்த்துவிட்டுப் போன கடற்பரப்புக்கும் இதே கணக்கை ஓட்டி, அங்கே மிதந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற இடங்களைக் கழித்தார்கள்.

ஆனால் மிதவைக் கணக்கால் நூறு, இருநூறு கி.மீ. துல்லியத்துக்குக் கீழே போக முடியாது. பெம்பா துண்டை வைத்து, இதோ இந்த ஆயத்தொலைவுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிள்ளான் மணிமாறன்

இருவருக்கும் நன்றி. அமெச்சூர் ரேடியோ விஷயமும் கைப்பேசி மணி அடித்த விஷயமும் மிச்சம் இருக்கின்றன. ரேடியோ முறை கண்ணுக்குத் தெரியாத கம்பியைத் தட்டுகிற மாதிரி என்று விளக்குகிறார்கள். அதில் உண்மை உண்டா?

சிற்றலை

கைப்பேசி சட்டென்று முடியும். அழைப்பவர் காதில் கேட்கும் மணி எதிர்முனைக் கைப்பேசியிலிருந்து வருவதில்லை. வலையமைப்பு அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பவருக்கு அந்த ஒலியைப் போட்டுவிடும். பிறகுதான் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அறிவிப்பு வரும்.

ரேடியோ விஷயத்துக்குக் கணக்கு போட வேண்டும். டபிள்யூஎஸ்பிஆர், விஸ்பர் என்றே சொல்வோம். உலகெங்கும் அமெச்சூர்கள் பெரும்பாலும் 5 வாட்டுக்குக் குறைந்த சக்தியில், சுமார் 111 வினாடி நீளமுள்ள ஒரு சிக்னலை அனுப்புவார்கள். பிடிக்கும் நிலையம் சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை முழு டெசிபலில் பதிந்து இணையத்தில் ஏற்றும். சிற்றலை பரவும் நிலையை அறிவதற்கான ஏற்பாடு இது. 2014 மார்ச் 8 இரவின் பதிவுகளில் வரும் ஏற்ற இறக்கங்கள் விமானம் குறுக்கே போனதால் வந்தவை என்பதுதான் வாதம்.

விமானத்தில் பட்டுச் சிதறி வரும் சக்தி எவ்வளவு? அனுப்புநரும் பெறுநரும் 10,000 கி.மீ. தள்ளி, விமானம் நடுவில் 5,000 கி.மீ.யில் இருக்கட்டும். விமானத்தின் எதிரொலிப் பரப்பைத் தாராளமாக 1,000 சதுர மீட்டர் என்று வைப்போம். நேரடி சிக்னலோடு ஒப்பிட்டால் சிதறியதன் பங்கு: பரப்பு பெருக்கல் மொத்தத் தூரத்தின் வர்க்கம், இதை 4π, இரண்டு பாதித் தூரங்களின் வர்க்கங்கள் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், 109 டெசிபல் கீழே வரும். ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. நேரடி சிக்னலே, சிற்றலையை மேலிருந்து திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் போக்கில் நிமிடத்துக்கு நிமிடம் 10 டெசிபலுக்கு மேல் ஆடும். பதிவின் நுணுக்கமோ 1 டெசிபல். எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கு அதற்குள் தெரிய வழியே இல்லை. அந்த 111 வினாடிக்குள் விமானம் 27 கி.மீ. நகர்ந்துவிடும் என்பது தனி.

விமானங்களில் பட்டு வரும் எதிரொலியை அமெச்சூர்கள் பிடிப்பது உண்மைதான். ஆனால் அது சில நூறு கி.மீ. தூரத்தில், இன்னும் உயர்ந்த அலைவரிசைகளில். அங்கே டாப்ளர் கோடு தனியாகக் கண்ணுக்குத் தெரியும். விஸ்பரை உருவாக்கிய நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரே இந்தப் பயன்பாட்டை ஏற்கவில்லை. இப்படி ஒரு முறையைச் சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாதை தெரிந்த நூறு விமானங்களின் பெயரை மறைத்துக் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியுமா? ஆயிரக்கணக்கான பதிவுக் கோடுகள் வரைபடத்தை நிரப்பிக் கிடக்கும்போது, எந்தப் பாதையைப் போட்டாலும் சில கோடுகள் அதை வெட்டத்தான் செய்யும்.

விசிறிக்கத்தி

எரிபொருளைப் பற்றியும் கடைசி நிமிடங்களைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

1:07க்கு 43,800 கிலோ. 8:17 வாக்கில் தீர்ந்தது என்று வைத்தால் 7 மணி 10 நிமிடம், மணிக்குச் சராசரி 6.1 டன். 777-200இஆர் வழக்கமான உயரத்தில் பறக்கும் செலவு இதுதான். ரேடாரில் படாமல் மணிக்கணக்கில் கடலை ஒட்டிப் பறந்தது என்ற ஊகம் இதிலேயே விழுந்துவிடுகிறது. ஐயாயிரம் அடியில் அந்த எஞ்சின்கள் ஒரு கி.மீ.க்குக் குடிக்கும் எரிபொருள் மிக அதிகம். 8:19 வரை தாக்குப்பிடிக்காது.

8:19க்கு விமானமே ஏன் இணைப்பு கேட்டது? எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றால் மின்சாரம் போகும், செயற்கைக்கோள் கருவி அணையும். வாலில் இருக்கும் துணை மின் எஞ்சின் தானாகக் கிளம்பும். தொட்டியில் மீந்திருக்கும் கொஞ்சத்தைக் கொண்டு அது சக்தி தர ஒரு நிமிடம், கருவி விழித்து இணைப்புக் கேட்க இன்னொரு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைக் கழித்துத்தான் 8:17 என்ற மதிப்பீடு. வழக்கமாக இணைப்புக்கு ஒன்றரை நிமிடம் கழித்துப் பயணிகள் பொழுதுபோக்குக் கருவியின் இணைப்பும் வர வேண்டும். வரவில்லை. அதற்குள் மின்சாரம் மறுபடி போயிருக்க வேண்டும், அல்லது விமானம் கடலில் மோதியிருக்க வேண்டும்.

8:19:29க்குப் பதிவான பிஎஃப்ஓ 182 ஹெர்ட்ஸ். எட்டு வினாடி கழித்து கழித்தல் 2. கருவி அப்போதுதான் விழித்ததால் அலைவரிசை நிலைப்படாமல் இருந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தே ஆஸ்திரேலிய விசாரணையாளர்கள் மதிப்பிட்டார்கள்: இரண்டாவது தருணத்தில் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 13,800 முதல் 25,300 அடி. சாதாரணமாகத் தரையிறங்கத் தொடங்கும்போது 2,000 அடி சொச்சம் இருக்கும். பெம்பா ஃபிளாப்பின் உட்புறச் சேதமும் அது உள்ளிழுத்த நிலையில் இருந்ததையே காட்டுகிறது. நிதானமாகக் கடலில் இறக்கினார்கள் என்ற ஊகத்துக்கு இவை எதிராக நிற்கின்றன.

தீ ஊகத்துக்கு வருவோம். 221 கிலோ லித்தியம் பேட்டரி சரக்கில் இருந்தது உண்மை. 4,566 கிலோ மங்குஸ்தானும் இருந்தது. ஆனால் டிரான்ஸ்பாண்டரையும் ரேடியோவையும் முடக்கும் அளவு எரிந்த தீ, அதன்பின் ஏழு மணி நேரம் விமானத்தைப் பறக்கவிட்டிருக்காது. அணைந்திருந்த செயற்கைக்கோள் இணைப்பு 2:25க்குத் திரும்ப உயிர்பெற்றதையும் தீயால் விளக்க முடியவில்லை. மின்சாரம் போய், மறுபடி வந்திருக்கிறது. யார், ஏன் என்று தெரியாது. இகாரிக்குப் பிறகு வந்த திருப்பங்கள் கையால் செய்யப்பட்டவையாக இருக்கவே வாய்ப்பு என்று அறிக்கை சொல்கிறது. வெளியாள் தலையீட்டை விலக்க முடியாது என்றும் சொல்கிறது. தலைமை விமானியின் வீட்டு சிமுலேட்டரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை போகும் புள்ளிகள் கிடைத்தன என்பது பதிவில் உள்ள செய்தி. அதைத் தாண்டி ஒரு மனிதரைக் குற்றவாளி என்று எழுதுவதற்கு வேண்டிய சான்று யாரிடமும் இல்லை. அந்த வீட்டிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. தலைப்புச் செய்தி போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தாழ்கடல்

விசிறிக்கத்தியுடன் ஓரிடத்தில் மட்டும் உடன்படவில்லை. வேகமாக இறங்கத் தொடங்கியது என்பது சரி. அதே வேகத்தில் கடலைத் தொட்டது என்பது அடுத்த படி. டேட்டா அந்த எட்டு வினாடியோடு நின்றுவிடுகிறது. யாராவது கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடித்துச் சறுக்கிக் கொண்டுபோயிருந்தால், வளைவிலிருந்து நூறு கடல் மைல் வரைகூடப் போகலாம். எனக்கும் அது வாய்ப்புக் குறைந்ததாகவே படுகிறது. ஆனால் தேடும் அகலத்தை முடிவுசெய்வது இந்தக் கேள்விதான்.

மணிமாறனின் மூன்றாவது கேள்விக்கு விடை இதில் பாதி இருக்கிறது. முதல் தேடல் 1,20,000 சதுர கி.மீ., 2017 ஜனவரி 17 அன்று நிறுத்தப்பட்டது. ஓஷன் இன்ஃபினிட்டி என்ற கடலடித் தேடல் நிறுவனம் 2018இல் இன்னொரு 1,12,000 சதுர கி.மீ. பார்த்தது. முதல் தேடல் தொடங்கும்போது அங்கே கடலடி வரைபடமே சரியாக இல்லை. முதலில் கப்பலின் அடியிலிருந்து ஒலி அனுப்பி ஆழம் அளந்தார்கள். அதன்பிறகு சுமார் 10 கி.மீ. நீளக் கம்பியில் சோனார் மீனை, அதாவது ஒலியால் கடலடியைப் படமெடுக்கும் கருவியை, இழுத்துக்கொண்டு, தரைக்கு நூறு, நூற்றைம்பது மீட்டர் மேலே ஓட்டினார்கள். ஒரு வரிசை முடிந்து கப்பலைத் திருப்பவே பல மணி நேரம். செங்குத்தான மலைமுகம் வந்தால் மீனை மேலே தூக்க வேண்டும், அப்போது கீழே ஒரு கீற்று விடுபடும். பாறைக்குப் பின்னால் ஒலி நிழல் விழும். 2018இல் கயிறில்லாத ஹியூகின் நீரடி வாகனங்கள் எட்டை ஒரே நேரத்தில் இறக்கியதால் வேகம் பல மடங்கு கூடியது. நிழல் பிரச்சினை குறைந்தது, முழுதும் போகவில்லை. முதல் தேடலிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களின் சிதைவுகள் கிடைத்தன. கருவிக்குக் கண் இருந்தது என்பதற்கு அது சான்று.

ஒப்பிட ஏர் பிரான்ஸ் 447 இருக்கிறது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த அந்த விமானத்தின் கடைசி இருப்பிடம் நிமிடக் கணக்கில் தெரியும். ஐந்து நாளில் மிதவைகள் கிடைத்தன. சிதைவு கிடந்த இடமோ கடைசிப் புள்ளியிலிருந்து சுமார் ஆறரை கடல் மைலில்தான். அதையும் கண்டுபிடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது, 3,900 மீட்டர் ஆழத்தில், சில நூறு மீட்டர் பரப்புக்குள். இங்கே கடைசிப் புள்ளி ஒரு வளைவு, முதல் துண்டு கிடைத்தது 16 மாதம் கழித்து.

கறுப்புப் பெட்டியின் ஒலியும் கைகொடுக்கவில்லை. 37.5 கிலோஹெர்ட்ஸில் 30 நாள் ஒலிக்க வேண்டியது. பறப்புத் தரவுப் பெட்டியின் ஒலிப்பானில் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி. சரியான இடத்தில் தேடியிருந்தாலும் சில கி.மீ.க்குள் போனால்தான் கேட்கும். ஏப்ரலில் கேட்டதாகச் சொன்னவை 33 கிலோஹெர்ட்ஸை ஒட்டியவை. அந்தப் பகுதியைத் துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

2025 மார்ச்சில் மலேசிய அரசு மறுபடி ஒப்பந்தம் போட்டது: 15,000 சதுர கி.மீ., கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லையேல் எதுவும் இல்லை.

கிள்ளான் மணிமாறன்

கடைசியாக ஒன்று. இத்தனை ஆண்டு கழித்துப் பெட்டி கிடைத்தால் அதில் என்ன மிஞ்சியிருக்கும்?

தாழ்கடல்

குரல் பதிவுக் கருவி கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். மின்சாரம் இருந்தவரை பழையதன் மேல் எழுதிக்கொண்டே போகும். அதாவது 6:20 முதல் 8:20 வரையிலான அறை ஒலி இருக்கலாம். இகாரியில் யார் என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது. இப்போது புதிதாகச் செய்யும் பெரிய விமானங்களுக்கு 25 மணி நேரப் பதிவு கேட்பதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

பறப்புத் தரவுப் பெட்டியின் நினைவகம் 25 மணி நேரம் கொள்ளும். ஆகவே 1:21க்கு என்ன நடந்தது என்பது அதில்தான் இருக்கும்: எந்த விசை எப்போது மாறியது, தானியங்கி எப்போது விலகியது, அறையழுத்தம் எப்படி இருந்தது. ஆனால் 1:21 முதல் 2:25 வரை அதற்கும் மின்சாரம் போயிருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை எந்த நொடியில் தொடங்கியது என்பதே பல ஊகங்களை முடித்துவைத்துவிடும்.

நினைவகச் சிப்பு படிக்கும் நிலையில் இருக்குமா என்பது உறையின் முத்திரை எவ்வளவு தாங்கியது என்பதைப் பொறுத்தது. 447இன் பெட்டிகள் இரண்டு ஆண்டு கழித்தும் முழுதாகப் படிக்கக் கிடைத்தன. மேலே எடுத்தவுடன் காயவிடக் கூடாது. காற்றுப் பட்டால் உப்பு சிப்பின் கால்களை அரிக்கத் தொடங்கும். எடுத்த கடல்நீரிலேயோ நன்னீரிலேயோ மூழ்கவைத்து, ஆய்வகம் வரை அப்படியே கொண்டுபோய், உறையைப் பிரித்து, சுற்றுப் பலகையைக் கழுவி உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுப்பார்கள்.